கேடிலாக்: வந்த பெயர், போன பெயர், மீண்டும் வரும் பெயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஆடம்பரக் கார் என்றதும் முதலில் வாயில் வரும் பெயர் கேடிலாக். 120 ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் இந்தக் கம்பெனியைப் பற்றி நண்பர்கள் கேட்கும் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேடிலாக்குக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பட்டறை வேலை. வேலையைக் கவனிக்காமல் பெயரை மட்டும் விற்கப் போனபோதுதான் அது சரிந்தது.

கேடிலாக்கைத் தொடங்கியது யார்? ஹென்றி ஃபோர்டு என்கிறார்களே?

பாதி உண்மை. 1901 இறுதியில் டெட்ராய்டில் ஹென்றி ஃபோர்டு கம்பெனி என்று ஒன்று ஆரம்பமானது. பணம் போட்டவர்களுக்கும் ஃபோர்டுக்கும் ஒத்துப்போகவில்லை. 1902 மார்ச்சில் அவர் விலகிவிட்டார். பணம் போட்டவர்கள் கம்பெனியை மூடிவிடலாம் என்ற எண்ணத்துக்கு வந்து, அங்கிருந்த இயந்திரங்களை விற்றால் எவ்வளவு தேறும் என்று மதிப்புப் போட ஹென்றி லேலண்ட் என்பவரைக் கூப்பிட்டார்கள்.

லேலண்டுக்கு அப்போதே அறுபதை நெருங்கும் வயது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் வேலை செய்தவர். பிறகு கோல்ட் துப்பாக்கி ஆலை, துல்லியக் கருவிகளுக்குப் பேர்போன பிரவுன் அண்டு ஷார்ப் என்று தொழில் கற்றுத் தேறியவர். துப்பாக்கித் தொழிலில் ஒன்றின் பாகம் இன்னொன்றில் அப்படியே பொருந்தியாக வேண்டும், அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பழக்கம் அவர் கையில் ஊறிப்போயிருந்தது. டெட்ராய்டில் சொந்தப் பட்டறை வைத்து ஓல்ட்ஸ்மொபைல் என்ற கார் கம்பெனிக்கு எஞ்சின் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். அதைவிடச் சக்தி கூடிய எஞ்சின் ஒன்றை அவர் உருவாக்கியபோது ஓல்ட்ஸ்மொபைல்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மதிப்புப் போட வந்தவர், கம்பெனியை மூடவேண்டாம், இந்த எஞ்சினை வைத்துக் கார் செய்யலாம் என்று யோசனை சொன்னார். 1902 ஆகஸ்டில் அதே கம்பெனி கேடிலாக் என்ற பெயரில் எழுந்தது. 1903 ஜனவரி நியூயார்க் கண்காட்சியில் 2,000-க்கும் மேற்பட்ட கார்களுக்கு முன்பதிவு கிடைத்தது. விலை 750 டாலர், ஒற்றைச் சிலிண்டர். ஆடம்பரக் கார் என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நன்றாகச் செய்த கார் என்று மட்டும் சொன்னார்கள்.

பெயரும் சின்னமும் யாருடையவை?

1701-ல் டெட்ராய்ட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரர் அந்த்வான் த லா மோத் காடிலாக்கின் பெயர் அது. அவருடைய குலச் சின்னம்தான் காரின் முகப்பிலும் ஏறியது. அந்தப் பிரபுக் குலத்துப் பெயரும் சின்னமும் அவர் அமெரிக்கா வந்த பிறகு தானே சூட்டிக்கொண்டவை. பிறந்தபோது அவர் பெயர் அந்த்வான் லோமே. சின்னத்தில் இருந்த சின்னஞ்சிறு பறவைகளை 2000-ஐ ஒட்டி எடுத்துவிட்டார்கள். சுற்றியிருந்த இலை வளையம் 2014-ல் போயிற்று.

‘உலகத்துக்கே அளவுகோல்’ என்ற பட்டம் எப்படி வந்தது? வெறும் விளம்பரமா?

விளம்பரம்தான், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பரீட்சை இருக்கிறது. கேடிலாக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்துகொள்ள நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

1908. அந்தக் காலத்தில் காரின் பாகங்களைப் பொருத்துவது கைவேலை. ஃபிட்டர் ஒவ்வொரு பாகத்தையும் அந்தந்தக் காருக்கு ஏற்றபடி ராவிப் பொருத்துவார். ஒரு காரின் பிஸ்டனைக் கழற்றி இன்னொன்றில் போட்டால் பெரும்பாலும் சேராது. ஐரோப்பாவில் இதை ஒரு குறையாகவே யாரும் நினைக்கவில்லை, கைவினையின் அடையாளம் என்று பெருமைப்பட்டார்கள். அமெரிக்கக் கார் என்றால் மலிவுச் சரக்கு என்ற எண்ணம் வேறு.

லண்டனில் கேடிலாக் விற்றுக்கொண்டிருந்த ஃபிரெடரிக் பென்னட், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பிடம் போய், எங்கள் காரைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார். கிளப் அவரிடம் இருந்த கார்களில் மூன்றைத் தானே தேர்ந்தெடுத்தது. மூன்றும் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டன. அங்கே ஒரு கொட்டகையில் வைத்து ஒவ்வொரு காரையும் கடைசித் திருகு வரை கழற்றினார்கள். ஒரு காருக்கு 721 பாகங்கள். மூன்று கார்களின் பாகங்களையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்தார்கள். அதோடு விடவில்லை. குவியலிலிருந்து 89 பாகங்களைப் பொறுக்கி எடுத்து ஒதுக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கடையில் விற்பனைக்கு இருந்த உதிரி பாகங்களைச் சேர்த்தார்கள்.

அப்புறம் மெக்கானிக்குகள் உள்ளே போனார்கள். கையில் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் போன்ற சாதாரணக் கருவிகள் மட்டுமே. அரம், எமரித் தாள் எதுவும் கூடாது. குவியலிலிருந்து எடுத்து எடுத்து மூன்று கார்களை மறுபடியும் பூட்டினார்கள். ஒரு காரின் மட்கார்டு இன்னொரு காரின் உடம்பில் ஏறியதால் நிறங்கள் ஒன்றுக்கொன்று சேராமல் நின்றன. மூன்றும் ஸ்டார்ட் ஆயின. பிறகு 500 மைல் ஓட்டிக் காட்டவேண்டும். அதையும் ஓடி முடித்தன. அந்த ஆண்டுக்கான டீவார் கோப்பையை கிளப் கேடிலாக்குக்குக் கொடுத்தது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று என்றால், லேலண்டின் பட்டறையில் அளவெடுப்பதுதான் முதல் வேலை, கடைசி வேலையும் அதுவே. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினாலும் பாகத்தைத் தூக்கி எறிவார்கள். சுவீடனின் யோஹான்சன் கண்டுபிடித்த அளவுக் கட்டைகளை அமெரிக்காவில் முதன்முதலில் வாங்கிப் பயன்படுத்தியவர்களில் லேலண்டும் ஒருவர். இன்று எந்தக் காருக்கும் கடையில் உதிரி பாகம் வாங்கி மாட்டிவிடுகிறோம். புரூக்லண்ட்ஸில் அந்த மூன்று கார்கள் காட்டியது அதைத்தான். 1909-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கேடிலாக்கை வாங்கியபோது இந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தது.

கைப்பிடியைச் சுற்றாமல் ஸ்டார்ட் செய்யும் கார் கேடிலாக்தான் முதலா?

தொழிற்சாலையிலிருந்தே நம்பகமான மின் ஸ்டார்ட்டரோடு பெருமளவில் வந்த முதல் கார் 1912 மாடல் கேடிலாக். அதற்கு முன்னால் முகப்பில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றவேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கைப்பிடி திரும்பி அடிக்கும். மணிக்கட்டு உடையும், தாடை பெயரும். லேலண்ட் இதற்கு ஒரு வழி வேண்டும் என்று உறுதியாக இருந்தார். வழியைக் கொண்டுவந்தவர் டெல்கோ நிறுவனத்தின் சார்லஸ் கெட்டரிங்.

அவருடைய யோசனை எளிமையானது. மோட்டார் நாள் முழுக்கச் சுழல வேண்டியதில்லை, சில நொடி பலமாகச் சுழன்றால் போதும். ஆகவே சின்ன மோட்டாரே தாங்கும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், விளக்கும் எரியும். இதற்காக இரண்டாவது முறையும் டீவார் கோப்பை கிடைத்தது. கை பலம் இல்லாதவர்களும் துணைக்கு ஆளில்லாமல் கார் எடுக்க முடிந்தது என்பது கோப்பையைவிடப் பெரிய விஷயம்.

கேடிலாக் பெயரே இல்லாத கேடிலாக் விளம்பரம் என்று ஒன்று உண்டாமே?

உண்டு. 1914-ல் கேடிலாக் பெருமளவுத் தயாரிப்புக்கு ஏற்ற வி8 என்ற எட்டுச் சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. போட்டியாளரான பேக்கார்டு அதைச் சும்மா விடவில்லை. புதிய எஞ்சினில் ஆரம்பத்தில் சில கோளாறுகளும் இருந்தன. பதிலாக 1915 ஜனவரியில் தியடோர் மக்மானஸ் எழுதிய முழுப்பக்க விளம்பரம் வந்தது. முன்னணியில் நிற்பவன் பொறாமையையும் தாக்குதலையும் சகித்துத்தான் ஆகவேண்டும் என்பது அதன் சாரம். கட்டுரைபோல ஓடும் அந்த வாசகத்தில் காரின் பெயர் இல்லை, எஞ்சின் இல்லை, விலை இல்லை. பத்திரிகையில் வந்தது ஒரே முறை. பிரதி கேட்டுப் பல ஆண்டுகள் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன.

என்னைப் பொறுத்தவரை அதன் பலம் வந்தது புரூக்லண்ட்ஸிலிருந்து. ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் எல்லார் முன்னிலையிலும் கழற்றிப் பூட்டிக் காட்டியவர்கள் பேசினால் ஊர் கேட்கும்.

லேலண்ட் ஏன் வெளியேறினார்?

முதல் உலகப் போருக்கு லிபர்ட்டி விமான எஞ்சின் செய்யும் விஷயத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் வில்லியம் டூரண்டோடு மோதல். 1917-ல் விலகி, எழுபதைத் தாண்டிய வயதில் லிங்கன் என்ற புதிய கம்பெனியைத் தொடங்கினார். போர் முடிந்து அதே பெயரில் கார் செய்தார், கடன் நெருக்கியது. 1922-ல் 80 லட்சம் டாலருக்கு அதை வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு. அமெரிக்காவின் இரண்டு பெரிய ஆடம்பரக் கார்களும் ஒரே கிழவரின் பட்டறையிலிருந்து வந்தவை.

1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கேடிலாக் எப்படித் தப்பியது?

வீழ்ச்சி தொடங்கிய மறு வருஷமே, 1930 ஜனவரியில், பதினாறு சிலிண்டர் காரை அறிமுகப்படுத்தினார்கள். 7.4 லிட்டர் எஞ்சின், கண்ணாடிபோல் மெருகேற்றிய உலோகம், ஒயர் ஒன்றுகூட வெளியே தெரியாத அமைப்பு. எஞ்சினைப் பார்வைக்கு அழகாக வடிவமைத்த முதல் கார்களில் அது ஒன்று. பானெட்டைத் திறந்து நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வாங்க ஆளில்லை. 1940 வரை மொத்தமாகச் செய்தவை நாலாயிரத்துச் சொச்சம்தான்.

ஜெனரல் மோட்டார்ஸின் பண பலம் பின்னால் இருந்தது பெரிய காரணம். பேக்கார்டுக்கு அது இல்லை. அது 1935-ல் மலிவு மாடல் ஒன்றை விட்டுப் பிழைத்துக்கொண்டது; ஆனால் பேக்கார்டு என்றால் பெரிய மனிதர் கார் என்ற மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, 1958-ல் பேக்கார்டே இல்லாமல் போயிற்று. இன்னொரு காரணத்துக்குத் தனிப் பதில் வேண்டும்.

கறுப்பின மக்களுக்குக் கார் விற்க மறுத்தார்கள் என்பது உண்மையா?

கம்பெனியின் கௌரவம் கெட்டுவிடும் என்று சொல்லி அவர்களுக்கு விற்பதைத் தவிர்த்துவந்தார்கள். பணம் இருந்தும் ஷோரூமில் நுழைய முடியாத நிலை. குத்துச்சண்டை வீரர், பாடகர், டாக்டர், தொழிலதிபர் என்று வசதியுள்ள கறுப்பினத்தவர்கள் வெள்ளையர் ஒருவருக்குத் தனியாகக் காசு கொடுத்து, அவர் பெயரில் வாங்க வைத்தார்கள்.

சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த நிக்கலஸ் டிரைஸ்டாட் என்ற ஜெர்மானியர் இதைக் கவனித்தார். விற்பனைக் கணக்கில் இல்லாத வாடிக்கையாளர்கள் பழுது பார்க்கும் இடத்தில் வரிசையாக நிற்கிறார்கள். கேடிலாக் பிரிவையே இழுத்து மூடிவிடலாமா என்று மேலிடம் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில் அவர் நுழைந்து, அவர்களுக்கு நேராக விற்போம், இடையில் நிற்பவனுக்குப் போகும் பணம் நமக்கு வரட்டும் என்று வாதாடினார் என்பது மேலாண்மை வகுப்புகளில் இன்றும் சொல்லப்படும் கதை. 1934-ல் அவரே கேடிலாக்கின் பொது மேலாளர் ஆனார். உற்பத்திச் செலவைக் குறைத்து, தரத்தைக் காத்து, பிரிவை நிமிர்த்தினார்.

கறுப்பின வாசகர்களுக்கான எபனி இதழ் 1949-ல் தலையங்கமே எழுதியது: கறுப்பர்கள் ஏன் கேடிலாக் வாங்குகிறார்கள்? வீட்டைக் கடன் போட்டு வாங்க வங்கி விடாது, நல்ல தெருவில் குடியேற விடமாட்டார்கள், நல்ல ஓட்டலில் இடம் கிடையாது. எவ்வளவு சம்பாதித்தாலும் அதைக் காட்ட இருந்த சில வழிகளில் கார் ஒன்று. குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன் நியூயார்க்கின் ஹார்லெம் தெருவில் இளஞ்சிவப்புக் கேடிலாக்கில் வந்து இறங்கினால் கூட்டம் கூடும். அதை வெறும் பகட்டு என்று நினைப்பவர்கள் அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்த கதவுகளை எண்ணிப் பார்க்கவேண்டும். கேடிலாக்கின் புகழில் பாதியை, தங்களை முதலில் வாசலிலேயே நிறுத்திய கம்பெனிக்கு, இந்த வாடிக்கையாளர்கள் கொடுத்தார்கள் என்பேன்.

வால் துடுப்பு யாருடைய யோசனை?

ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி எர்ல். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கும் முன் லாக்ஹீட் பி-38 என்ற இரட்டைவால் போர் விமானத்தை அவரும் அவருடைய ஆட்களும் போய்ப் பார்த்தார்கள். 1948 கேடிலாக்கின் பின்பக்கம் சின்னதாக இரண்டு மேடுகள் எழும்பின. முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒரே வருஷத்தில் பழகிவிட்டார்கள், அப்புறம் எல்லாக் கம்பெனியும் துடுப்பு வைத்தது.

அந்த ஆண்டுகளில் அழகுக்குக் கீழே வேலையும் இருந்தது. 1949-ல் வந்த புதிய வி8 எஞ்சின் 160 குதிரைத்திறன். முந்தையதைவிட எடை குறைவு, சக்தி அதிகம். 1950-ல் பிரிக்ஸ் கன்னிங்ஹாம் இரண்டு கேடிலாக்குகளை லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார். ஒன்று கடையில் வாங்கியது போன்ற சீரிஸ் 61 கூப். அது பத்தாவதாக வந்தது. விகாரமான உடல் கட்டிய மற்றொன்று பதினொன்றாவது. ஆட்டோமேட்டிக் கியரும் அப்படியே: கேடிலாக்கின் ஹைட்ரா-மேட்டிக், போரில் எம்5 டாங்கிகளுக்குள் இரண்டு வி8 எஞ்சின்களோடு சேர்ந்து உழைத்துவிட்டுத்தான் போருக்குப் பிந்தைய கார்களில் பரவியது.

1959 மாடலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்வி முடியாது. ஐந்தே முக்கால் மீட்டர் நீளம், இரண்டு மீட்டருக்கும் மேல் அகலம். பின்னால் போய் நின்று பாருங்கள். கதவருகே ஒரு கோடாகத் தொடங்கும் துடுப்பு பின்னே வரவரக் கூர்மையாகி உயர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு துடுப்பின் நடுவிலும் தோட்டா வடிவில் இரண்டு சிவப்பு விளக்குகள். பம்பரின் இரு முனைகளிலும் ஜெட் எஞ்சின் வாய்போல உருண்டைக் குரோமியக் கூடு. முன்பக்கத்துக் கிரில்லை பின்பக்கமும் ஒருமுறை வைத்திருக்கிறார்கள். 1957-ல் கிரைஸ்லர் கார்கள் துடுப்பில் முந்திவிட்டதால் வந்த வீம்பு இது. இதற்கு மேல் போக இடமில்லை என்று அவர்களுக்கே தெரிந்து, 1960 முதல் துடுப்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு 1948-ன் அடக்கமான துடுப்புதான் அழகு. ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது 1959-ஐ.

எல்விஸ் பிரெஸ்லியின் இளஞ்சிவப்புக் கேடிலாக் இப்போது எங்கே?

மெம்ஃபிஸில், அவர் வாழ்ந்த கிரேஸ்லேண்ட் வீட்டில். 1955 ஃப்ளீட்வுட். அம்மா கிளாடிஸுக்காக வைத்திருந்தார், அவருக்கோ ஓட்டுநர் உரிமமே கிடையாது. எல்விஸ் வாழ்நாளில் எத்தனையோ கேடிலாக்குகளை வாங்கிப் பிறருக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்.

சரி, இவ்வளவு பெரிய பெயர் எங்கே சரிந்தது?

விற்பனைக் கணக்கை மட்டும் பார்த்தால் 1978 ஒரு சாதனை வருஷம். அமெரிக்காவில் கிட்டத்தட்ட 3,50,000 கார்கள் போயின. சரிவு அதற்குள்ளேயே இருந்தது. அத்தனை பேரிடமும் இருக்கும் காருக்கு அருமை குறையும். செலவு மிச்சம் பிடிக்க, உள்ளே பிளாஸ்டிக் பெருகிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் மலிவுக் கார்களோடு பகிர்ந்த பாகங்களும் பெருகின. மெர்சிடிஸ் பக்கம் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். 1975-ல் வந்த சிறிய செவில் இதற்கு நல்ல பதில் என்றே சொல்வேன், நன்றாகவும் விற்றது.

இரண்டு எண்ணெய் நெருக்கடிகளும் அரசின் எரிபொருள் விதிகளும் வந்தபோது அவசர வேலைகள் தொடங்கின. முதலில் ஓல்ட்ஸ்மொபைலின் 5.7 லிட்டர் டீசல். டீசலின் அழுத்தத்தை அதன் ஹெட் போல்ட்டுகள் (எஞ்சினின் மேல்மூடியை இறுக்கிப் பிடிப்பவை) தாங்கவில்லை. எரிபொருளில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் அமைப்பும் இல்லை. அமெரிக்கர்களுக்கு டீசல் காரே வெறுத்துப்போனதற்கு இந்த எஞ்சின் பெரிய காரணம்.

1981-ல் தேவைக்கு ஏற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் ஓடும் எஞ்சின் வந்தது. யோசனை அருமை, இன்று பல கார்களில் இருக்கிறது. ஆனால் அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் இல்லை. கார் தயங்கியது, உதறியது. மெக்கானிக்குகள் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, எப்போதும் எட்டிலேயே ஓடும்படி செய்து அனுப்பினார்கள். ஒரே வருஷத்தில் கார்களிலிருந்து எடுத்துவிட்டார்கள், லிமோசின்களில் மட்டும் கொஞ்ச காலம் நீடித்தது.

அடுத்து 1982-ல் 4.1 லிட்டர் எச்.டி.4100. அலுமினியப் பிளாக், வார்ப்பிரும்பு ஹெட். சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் தேய்ந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் எண்ணெயில் கலந்தது. 125 குதிரைத்திறனை வைத்து அந்தப் பெரிய காரை இழுக்கவும் முடியவில்லை.

மூன்றும் அடுத்தடுத்து. மூன்று கார்களைக் கலந்து பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டிய அதே கம்பெனியில், சோதித்து முடிக்கும் முன்பே எஞ்சின் வாசலைத் தாண்டியது. இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

சிமரான் பற்றி ஏன் எல்லோரும் குறை சொல்கிறார்கள்?

ஷெவர்லே கவாலியர் என்ற எளிய குடும்பக் காருக்குத் தோல் இருக்கையும் கேடிலாக் சின்னமும் போட்டு 1982 மாடலாக விற்றார்கள். ஆரம்பத்தில் 88 குதிரைத்திறன் நான்கு சிலிண்டர் எஞ்சின். விலையோ 12,000 டாலரைத் தாண்டியது. பக்கத்து ஷோரூமில் அதே கதவு, அதே கூரை, அதே கண்ணாடி பல ஆயிரம் டாலர் குறைவாகக் கிடைத்தது. கவரிங் நகைக்குத் தங்க விலை கேட்ட மாதிரி.

சிமரான் மோசமான கார் என்று சொல்ல மாட்டேன். ஓடியது, 1988 வரை விற்கவும் செய்தது. ஆனால் சின்னத்தை எதன் மேல் ஒட்டினாலும் வாங்குவார்கள் என்று கம்பெனியே நம்பியதற்கு அது சாட்சி.

இதற்கு நேர் எதிரான தவறு 1987-ன் அலாண்டே. இத்தாலியில் பினின்ஃபரினா உடலைக் கட்டும்; போயிங் 747 விமானங்களில் டூரினிலிருந்து டெட்ராய்டுக்கு ஏற்றி வந்து எஞ்சின் பூட்டுவார்கள். அழகான கார். முன்சக்கர இழுவையும் பலம் போதாத எஞ்சினுமாக ஐந்தாறு வருஷம் தள்ளாடி, கடைசியில் 1993-ல் நல்ல எஞ்சின் வந்த வருஷமே நிறுத்தப்பட்டது.

எஸ்கலேடு எப்படி இவ்வளவு பிரபலமானது?

1998 மாடலாக லிங்கன் நாவிகேட்டர் வந்து பணக்காரர்களை எஸ்.யூ.வி. பக்கம் இழுத்தது. கேடிலாக் பதறிப்போய், ஜி.எம்.சி. யூகான் டெனாலிக்குச் சின்னம் மாற்றி 1999 மாடலாக முதல் எஸ்கலேடை விட்டது. சிமரான் செய்த அதே வேலைதான். 2002 மாடலில் முகத்தையும் உள்கட்டையும் எஞ்சினையும் தனியாகச் செய்தார்கள். ஹிப்-ஹாப் பாடகர்களும் கூடைப்பந்து வீரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். கம்பெனி திட்டமிடாத விளம்பரம் அது. இந்த முறையும் கேடிலாக்கைத் தூக்கி நிறுத்தியவர்களில் பெரும்பங்கு கறுப்பின இளைஞர்கள். இன்றும் கேடிலாக்கின் அடையாளம் எஸ்கலேடுதான்.

தாத்தா ஓட்டும் கார் என்ற பெயர் மாறிவிட்டதா?

காரோட்டப் பிடித்தவர்களிடம் மாறிவிட்டது. 2002-ல் வந்த சி.டி.எஸ். கூர்மையான விளிம்புகளோடு, பின்சக்கர இழுவையோடு வந்தது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத் தளத்தில் ஓட்டி ஓட்டிச் செப்பனிட்டார்கள். 2008-ல் சி.டி.எஸ்.-வி அங்கே எட்டு நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடித்தது. நான்கு கதவுக் காருக்கு அன்று அது பெரிய செய்தி. அதன் வழிவந்த சி.டி.5-வி பிளாக்விங்கில் 668 குதிரைத்திறன் வி8, அதோடு காலால் கிளட்ச் மிதித்து மாற்றும் ஆறு கியர். பி.எம்.டபிள்யூ.வை மட்டுமே பேசிக்கொண்டிருந்த பத்திரிகைகள் இதை மனம்விட்டுப் பாராட்டின.

2023-ல் லே மான்ஸில் மூன்றாமிடம். 2026 ஃபார்முலா 1 பந்தயத்துக்குப் பதினொன்றாவது அணியாகப் பெயர் கொடுத்து, பெரெஸ், போட்டாஸ் இருவரையும் ஓட்டுநர்களாக அறிவித்தார்கள். தொடக்கத்தில் ஃபெராரியின் எஞ்சின், சொந்த எஞ்சின் 2029-ல் என்பது திட்டம். எனக்கு அந்தச் சொந்த எஞ்சின் மேல்தான் கண்.

அமெரிக்க ஜனாதிபதி போகும் கார் கடையில் கிடைக்குமா?

கிடைக்காது. முகமும் விளக்கும் கேடிலாக். அடியில் கனரக வாகனத்தின் கட்டமைப்பு என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. விவரங்கள் ரகசியம்.

மின்சாரக் கார்களில் கேடிலாக் எங்கே நிற்கிறது?

லிரிக், ஆப்டிக், விஸ்டிக், எஸ்கலேடு ஐக்யூ என்று வரிசையாக விட்டிருக்கிறார்கள். செலஸ்டிக் என்பது வேறு ரகம்: டெட்ராய்டை ஒட்டிய வாரனில், வாங்குபவர் விருப்பப்படி ஒவ்வொன்றாகக் கையால் கட்டுகிறார்கள், அறிவித்தபோதே விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். 1957-ல் கேடிலாக் செய்த எல்டொராடோ புரோம் மாதிரி. அந்தப் பழைய காரில் துருப்பிடிக்காத எஃகுக் கூரை, காற்று சஸ்பென்ஷன், காந்தத்தில் ஒட்டும் டம்ளர்கள், வாசனைத் திரவிய பாட்டில் எல்லாம் உண்டு. அன்றைய விலை 13,000 டாலர்.

சீனாவும் இந்தக் கணக்கில் வரும். 2016-ல் ஷாங்காயில் கேடிலாக்குக்கென்றே ஆலை திறந்தார்கள், அடுத்த வருஷமே அங்கே விற்பனை அமெரிக்காவை மிஞ்சியது. பிறகு உள்ளூர் மின்சாரக் கார்கள் வந்து அந்தச் சந்தையை நெருக்கிவிட்டன.

இந்தியாவில் வாங்க முடியுமா?

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றது. பின்னாளில் ஷெவர்லே வந்தது, 2017-ல் இந்திய விற்பனையையே நிறுத்திக்கொண்டார்கள். கேடிலாக் கிளை இங்கே கிடையாது. புதுக் கார் இறக்குமதிக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கவேண்டும் என்பது விதி. கேடிலாக்கில் பெரும்பாலானவை இடப்பக்கம். ஆஸ்திரேலியாவுக்காக லிரிக்கை வலப்பக்க ஸ்டீயரிங்கோடு செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கிறேன். பழைய கேடிலாக் வாங்கலாமா?

1950-கள், 60-களின் கார் என்றால் வாங்கலாம். எஞ்சின் உறுதியானது, பாகம் கிடைக்கிறது. பார்க்கவேண்டியது துரு. கதவுக்கு அடியிலும் டிக்கித் தரையிலும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். குரோமியத்தைப் புதுப்பிக்க ஆகும் செலவையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். 1959 மாடலில் அது மலைக்க வைக்கும்.

1982 முதல் 80-களின் நடுப்பகுதி வரையிலான எச்.டி.4100 எஞ்சின் வண்டிகளைத் தவிர்ப்பது நல்லது.

1990-களின் நார்த்ஸ்டார் வி8 ஓட்டுவதற்கு இனிமையான எஞ்சின். ஆனால் அலுமினியப் பிளாக்கில் ஹெட் போல்ட்டின் மரை பிடிவிட்டு, ஹெட் கேஸ்கெட் போய்விடும். இரும்பு மரை வைத்துச் சரிசெய்யலாம், எஞ்சினை இறக்கவேண்டும், செலவு பல சமயம் காரின் விலையையே தாண்டும். வாங்கும் முன் அரை மணி நேரமாவது ஓட்டி, சூடு ஏறுகிறதா, கூலண்ட் குறைகிறதா என்று பாருங்கள். அந்த வேலை ஏற்கெனவே முடிந்த கார், ரசீதோடு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.